நெய்வேலி முதல் அனல்மின் நிலையம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நெய்வேலிக்காரன் என்று சொன்னால் போதும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் சரி, ரயிலில் எதிர் இருக்கையிலும் சரி, அடுத்த கேள்வி தெர்மல் பற்றித்தான் வரும். 2020-இல் முதல் அனல்மின் நிலையத்தை மூடிய பிறகு கேள்விகள் குறையும் என்று நினைத்தேன், கூடிவிட்டன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது என்பதால் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

"நெய்வேலி தெர்மல்னு சொல்றீங்களே, அது ஒண்ணா, நாலஞ்சா?"

நாலஞ்சு. பாதிக் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. முதல் அனல்மின் நிலையம் (600 மெகாவாட்), அதன் விரிவாக்கம் (420), இரண்டாம் அனல்மின் நிலையம் (1470), அதன் விரிவாக்கம் (500), கடைசியாக வந்த புதிய அனல்மின் நிலையம் (1000). இவை எல்லாம் என்.எல்.சி.யுடையவை (நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் என்பதன் சுருக்கம்). இவை போக ஊத்தங்கால் பக்கம் தனியார் நிலையம் ஒன்றும் இருக்கிறது.

இந்தப் பக்கம் முழுக்க முதலாவதைப் பற்றியது. வயசான ஆட்கள் "தெர்மல்" என்று மொட்டையாகச் சொன்னால் பெரும்பாலும் அதைத்தான் சொல்வார்கள், இரண்டாம் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மந்தாரக்குப்பத்து ஆட்கள் சொன்னால் மட்டும் எதைச் சொல்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

"கிணறு வெட்டும்போது கரி வந்துச்சுங்கிறது நிஜமா, இல்ல கதையா?"

நிஜம்தான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காக ஆழ்துளை போட்டபோது நீரோடு கறுப்பாக ஏதோ கலந்து வந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்காமல் அரசாங்கத்தின் காதில் போட்டார். 1940-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வரிசையாகத் துளையிட்டுப் பார்த்து, கீழே இருப்பது லிக்னைட் என்னும் பழுப்பு நிலக்கரி, அதுவும் கொஞ்ச நஞ்சம் இல்லை என்று உறுதிப்படுத்தியது.

அப்புறமும் உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. பிரிட்டனின் பவல் டஃப்ரின் நிறுவனம் 1954-இல் திட்ட அறிக்கை கொடுத்தது, 1956 நவம்பர் 14-இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது, 1957 மே 20-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அப்போது முதல்வர் காமராஜர். மண்ணை வெட்டி வெட்டி 1961 ஆகஸ்டில்தான் கரிப் படுகையைத் தொட்டார்கள். நாலு வருஷத்துக்கு மேல் வெறும் மண் அள்ளியிருக்கிறார்கள், அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான்.

"கரியை ரயில்ல ஏத்தி மெட்ராஸ்க்கு அனுப்பி, அங்க கரண்ட் எடுத்திருக்கலாமே? ஏன் காட்டுக்குள்ள போய்க் கட்டினாங்க?"

சுரங்கத்திலிருந்து அப்போதுதான் வந்த லிக்னைட் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வி வராது. ஈரமாக, சில்லென்று இருக்கும். சில துண்டுகளில் மரத்தின் ரேகை அப்படியே தெரியும், விறகா கரியா என்று சந்தேகம் வரும். வெயிலில் வைத்தால் சில நாளில் வெடித்துப் பொடிப்பொடியாக உதிரும். அதன் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதாவது 10 வேகன் அனுப்பினால் 5 வேகன் தண்ணீரைச் செலவழித்து அனுப்புகிறோம் என்று அர்த்தம். குவித்து வைத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் குணமும் உண்டு.

கிலோவுக்கு 2,600 கிலோகலோரி அளவில்தான் வெப்பம் கிடைக்கும், நல்ல கறுப்பு நிலக்கரியில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆக, இதை எடுத்த இடத்திலேயே எரித்துவிட்டு, கரிக்குப் பதிலாகக் கம்பியில் மின்சாரத்தை அனுப்புவதுதான் லாபம். சுரங்க வாயிலிலேயே லிக்னைட்டை எரிக்கும் நிலையம் இந்தப் பகுதியில் அதற்கு முன் கிடையாது, தென்கிழக்காசியாவிலேயே முதல் என்று சொல்வார்கள்.

கரியைப் பயணம் போகும்படி செய்யவும் ஒரு வழி பார்த்தார்கள். உலர்த்தி, அழுத்தி, கட்டியாக்கி "லீகோ" என்ற பெயரில் விற்றார்கள். அந்தக் காலத்து டீக்கடை அடுப்பு, ஓட்டல் அடுப்பு பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கும். அந்த ஆலையும் இப்போது இல்லை.

"மெட்ராஸ் மாகாணத்துல அதுக்கு முன்னாடி கரண்டே இல்லையா?"

இருந்தது, பெரும்பாலும் தண்ணீரிலிருந்து. பைக்காரா 1932, மேட்டூர் 1937, பாபநாசம் 1944. மழை பொய்த்தால் அணை வற்றும், அணை வற்றினால் மில் நிற்கும். சென்னை பேசின் பிரிட்ஜில் கரியில் ஓடும் நிலையம் இருந்தது, ஆனால் கரி வங்காளம், பீகார் பக்கமிருந்து வரவேண்டும். சொந்த மண்ணில் கரி கிடைத்தது ஏன் அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பது இதை வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

"ரஷ்யாக்காரன் கட்டிக் கொடுத்ததுதானே?"

மின் நிலையம் ஆமாம், சோவியத் ஒன்றியத்தின் கடனும் இயந்திரமும் தொழில்நுட்பமும். ஆனால் "நெய்வேலியே ரஷ்யா கட்டியது" என்றால் பாதிதான் சரி. மேலே சொன்ன திட்ட அறிக்கை பிரிட்டிஷ்காரர்களுடையது. சுரங்கத்தில் மண்ணை வெட்டும் அந்த ராட்சதச் சக்கர இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவை. உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து முறைத்துக்கொண்டிருந்த காலத்தில், கடலூர்ப் பக்கத்து முந்திரிக்காட்டில் ஜெர்மன்காரன் வெட்டிக் கொடுக்க ரஷ்யாக்காரன் எரித்தான் என்பது வேடிக்கைதான். வெட்டியதும் எரித்ததும் நிஜத்தில் நம்ம ஊர் ஆட்கள் என்பது வேறு விஷயம்.

"1962-லயே 600 மெகாவாட் வந்துடுச்சா?"

இல்லை. 1962 மே மாதம் ஓடத் தொடங்கியது 50 மெகாவாட் அலகு ஒன்றே ஒன்றுதான். முதல் திட்டமே 250 மெகாவாட்டுக்குத்தான் போட்டார்கள், அப்புறம் 400 ஆக்கினார்கள், அப்புறம் 600. கடைசி அலகு 1970-இல் வந்தது. 50 மெகாவாட் அலகு 6, 100 மெகாவாட் அலகு 3, ஆக மொத்தம் 9.

இடையில் ஒரு வார்த்தை. நெய்வேலியில் "யூனிட்" என்றால் இரண்டு அர்த்தம். வீட்டு மீட்டரில் ஓடுவதும் யூனிட், ஒரு பாய்லர் டர்பைன் ஜோடியும் யூனிட். "இன்னிக்கு மூணாவது யூனிட் போயிடுச்சு" என்று ஷிப்ட் முடித்து வந்தவர் சொல்வதைக் கேட்டு வெளியூர் மாப்பிள்ளை கரண்ட் பில் என்று நினைத்துக்கொண்ட கதை எங்கள் வீட்டிலேயே உண்டு. குழப்பம் வேண்டாம் என்று இங்கே இயந்திரத்தை அலகு என்றும் மீட்டர் கணக்கை யூனிட் என்றும் எழுதுகிறேன்.

"நீராவில எப்படி சார் கரண்ட் வருது? ஸ்கூல்ல படிச்சது, மறந்துபோச்சு."

கரியை எரித்துத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறோம், கொதித்த நீராவியை மேலும் சூடாக்கி, 500 டிகிரிக்கு மேல், கடும் அழுத்தத்தில் டர்பைனின் இறக்கைகள் மேல் அடிக்கிறோம், அது நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றுகிறது, அதோடு கோத்த ஜெனரேட்டரும் சுற்றுகிறது, மின்சாரம் வருகிறது. வேலை முடித்த நீராவியைக் குளிர வைத்துத் திரும்பத் தண்ணீராக்கி, அதே தண்ணீரை மறுபடி பாய்லருக்குள் தள்ளுகிறோம். இட்லிப் பானைக்கும் இதற்கும் தத்துவம் ஒன்று, ஆள் மட்டும் பெரியவன்.

நெய்வேலியில் ஒரு கூடுதல் தலைவலி, கரியில் இருக்கும் அந்தப் பாதித் தண்ணீர். ஈரக் கரியைப் பொடியாக்கவும் முடியாது, பற்றவைக்கவும் முடியாது. அதனால் உலைக்குள்ளிருந்தே கொதிக்கும் புகையில் ஒரு பங்கை இழுத்து அரவை மில்லுக்கு விடுவார்கள். மில் கரியை அடித்துத் தூளாக்கும்போதே அந்தப் புகை அதை உலர்த்திவிடும், உலர்ந்த தூள் உலைக்குள் பறந்துபோய் எரியும். கேட்க எளிது. மில்லின் அடிக்கும் தட்டுகள் தேய்ந்துகொண்டே இருக்கும், சுரங்கத்திலிருந்து கரி கொண்டுவரும் பெல்ட்டில் கரியோடு மண்ணும் வந்துவிட்டால் இன்னும் சீக்கிரம் தேயும், மழைக்காலத்தில் கரி களி மாதிரி பங்கரில், அதாவது கரியைக் கொட்டி வைக்கும் தொட்டியில், ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும். அதை இடித்துத் தள்ளுவதற்கென்றே ஆட்கள் இருப்பார்கள்.

"தூரத்துல இருந்து பார்த்தா வெள்ளை வெள்ளையா வருதே, அவ்வளவும் புகையா?"

குளிர்கோபுரத்தின் மேலிருந்து வருவது தண்ணீர் ஆவி. டர்பைனை விட்டு வரும் நீராவியைக் குளிர்விக்கப் போய்ச் சூடான தண்ணீரைக் கோபுரத்துக்குள் மழை மாதிரி விழவைத்து ஆற்றுகிறார்கள், அதில் ஒரு பங்கு ஆவியாகிப் போகிறது. உயரமான ஒல்லிப் புகைபோக்கியிலிருந்து வருவதுதான் புகை, அது அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததனால் நல்லது என்று அர்த்தமில்லை, மொட்டை மாடியில் வடாம் காயப்போட்ட அம்மாக்களைக் கேளுங்கள்.

"கரி கொண்டுவர ஒரு பெல்ட், அவ்வளவுதானே சுரங்கத்துக்கும் நிலையத்துக்கும் உள்ள சம்பந்தம்?"

இல்லவே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நெய்வேலியில் கரிக்கு மேலே ஐம்பதிலிருந்து நூறு மீட்டர் வரைக்கும் மண்ணும் கடலூர் மணற்கல்லும். கரிக்குக் கீழே நிலத்தடி நீர், அதுவும் சும்மா தேங்கிக் கிடக்கும் நீர் இல்லை, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கும் நீர். மேலே இருக்கும் மண்ணின் கனம்தான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. மண்ணை அள்ளிவிட்டால் சுரங்கத்தின் தரையே பிய்த்துக்கொண்டு ஊற்றெடுக்கும், ஆளும் இயந்திரமும் மூழ்க வேண்டியதுதான். "இந்த இடத்தில் கரி எடுக்கவே முடியாது" என்று ஆரம்பத்தில் பயந்ததற்குக் காரணம் இதுதான். வழி என்ன என்றால், சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, இரவு பகல் பார்க்காமல் இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருப்பது. ஒரு டன் கரி எடுக்க அதைப்போலப் பல மடங்கு டன் தண்ணீர் இறைக்க வேண்டியிருந்தது.

இப்போது கோத்துப் பாருங்கள். அந்தப் பம்புகள் நிற்காமல் ஓட மின்சாரம் வேண்டும். மண் வெட்டும் சக்கர இயந்திரங்களும் மின்சாரத்தில் ஓடுபவைதான், பின்னால் தடித்த கேபிள் ஒன்றை வால் மாதிரி இழுத்துக்கொண்டு நகரும். மைல் கணக்கில் ஓடும் பெல்ட்டுகளுக்கும் மின்சாரம். அதைத் தருவது நிலையம். நிலையத்துக்குப் பாய்லரில் ஊற்றவும் கோபுரத்தில் ஆற்றவும் தண்ணீர் வேண்டும், பக்கத்தில் வற்றாத ஆறு கிடையாது. அந்தத் தண்ணீரைத் தந்தது சுரங்கம் இறைத்துத் தள்ளிய நீர். என்.எல்.சி. ஊழியர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்பின் குழாயில் வந்ததும் அதே நீர்தான். சுரங்கம் நின்றால் நிலையம் பட்டினி, நிலையம் நின்றால் சுரங்கம் மூழ்கும். இரண்டையும் தனித்தனித் தொழிற்சாலை என்று பார்ப்பவர்களுக்கு நெய்வேலி பிடிபடாது.

"டவுன்ஷிப்ல கரண்ட் போகவே போகாதாமே?"

அபூர்வமாகப் போகும். 2008-இலிருந்து சில வருஷங்கள் தமிழ்நாடே மின்வெட்டில் தவித்தபோது டவுன்ஷிப்பில் விளக்கு எரிந்தது, சுற்றியிருந்த கிராமங்களில் அணைந்து கிடந்தது. இரவில் வெளியே வடக்குத்துக் கிராமத்துப் பக்கம் நின்று பார்த்தால் டவுன்ஷிப் கேட்டுக்கு இந்தப் புறம் இருட்டும் அந்தப் புறம் வெளிச்சமுமாகக் கோடு கிழித்த மாதிரி தெரியும். நிலம் கொடுத்தவர்களில் பலர் அந்தக் கோட்டின் இருட்டுப் பக்கம்தான் இருந்தார்கள். வேலை, இழப்பீடு என்று அவர்கள் கேட்டு வருவதை வெறும் பேராசை என்று சொல்பவர்கள் அந்த இருட்டில் ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

டவுன்ஷிப் பயன்படுத்தியது மொத்த உற்பத்தியில் சிறு துளி என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பங்கு மாநில மின்வாரியத்துக்குத்தான் போனது.

"ராத்திரியில திடீர்னு ஊரே அதிர்ற மாதிரி ஒரு சத்தம் வருமே, வெடிச்சிடுச்சோன்னு பயந்திருக்கேன்."

வெடிக்காமல் இருக்கத்தான் அந்தச் சத்தம். ஏதோ காரணத்தால் டர்பைன் சட்டென்று நின்றுவிட்டால் பாய்லரில் இருக்கும் நீராவிக்குப் போக இடமில்லை. அழுத்தம் எல்லை தாண்டும்போது பாதுகாப்பு வால்வு திறந்து நீராவியை வானத்துக்கு விடும். குக்கர் விசிலை ஆயிரம் மடங்கு ஆக்கிக்கொள்ளுங்கள். நெய்வேலிக் குழந்தைகள் அந்தச் சத்தத்துக்கு எழுந்திருக்காது, விருந்தாளிகள்தான் கட்டிலிலிருந்து குதிப்பார்கள்.

"நின்னுபோனா பட்டனைத் தட்டித் திரும்ப ஓட்ட வேண்டியதுதானே?"

மோட்டார் செட் இல்லை இது. முதலில் உலைக்குள் தேங்கியிருக்கும் வாயுவை விசிறி போட்டு வெளியேற்ற வேண்டும், அப்புறம் எண்ணெய் ஊற்றித் தீ மூட்ட வேண்டும், இரும்பு கோணிக்கொள்ளாதபடி மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். நன்றாகச் சூடான பிறகுதான் கரித்தூள். டர்பைன் தண்டு சூட்டில் ஒரே நிலையில் கிடந்தால் வளைந்துவிடும் என்று அதை நிறுத்தி வைத்திருக்கும்போதும் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். எல்லாம் முடிந்து மாநில மின் தொகுப்போடு தாளம் பிசகாமல் இணைக்க வேண்டும். முழுக்க ஆறிப்போன அலகு என்றால் பல மணி நேர வேலை. இன்னொன்று, இதையெல்லாம் செய்யும் பம்புகளும் விசிறிகளும் ஓடுவதற்கே மின்சாரம் வேண்டும்.

"ஒரு யூனிட் கரண்டுக்கு எவ்வளவு கரி ஆகும்?"

மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2009-இல் முதல் நிலையத்துக்கு வைத்த கணக்கு யூனிட்டுக்கு 4,000 கிலோகலோரி. கிலோவுக்கு 2,600 என்று முன்னால் சொன்னதை வைத்து வகுத்தால் சுமார் ஒன்றரைக் கிலோ. உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு 6 யூனிட் ஓடுகிறதென்றால் 9 கிலோ கரி, ஒரு வாளி நிறைய.

ஒரு யூனிட்டில் அடங்கும் வெப்பம் 860 கிலோகலோரி மட்டுமே. 4,000 போட்டு 860 எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் கூட, மீதியெல்லாம் கோபுரத்திலும் புகைபோக்கியிலும் போனது. அதே ஆணையம் இரண்டாம் நிலையத்துக்கு 2,900, முதல் நிலைய விரிவாக்கத்துக்கு 2,750 என்று வைத்தது. போதாக்குறைக்குத் தான் உற்பத்தி செய்ததில் 12 சதவீதத்தைப் பழைய நிலையம் தனக்கே செலவழித்துக்கொள்ளலாம் என்றும் அனுமதி. கிழவருக்குப் பசி அதிகம், அதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை.

"காவிரிப் பிரச்சனைல 'கர்நாடகாவுக்குக் கரண்ட் கொடுக்காதே'ன்னு நெய்வேலில போராடினாங்களே, இந்த நிலையத்தைத்தானா?"

2002 அக்டோபரில் திரையுலகம் திரண்டு வந்து நடத்தியதைக் கேட்கிறீர்கள். முதல் நிலையத்தின் மின்சாரம் வெளி மாநிலத்துக்குப் போனதே இல்லை, சொந்தத் தேவை போக மீதி அனைத்தும் தமிழ்நாட்டுக்கு. கர்நாடகம் உள்ளிட்ட தென் மாநிலங்களுக்கு அப்போது பங்கு போனது இரண்டாம் நிலையத்திலிருந்து. கூட்டத்தில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும் என்று கேட்காதீர்கள்.

"2020-ல பாய்லர் வெடிச்சுப் பல பேர் செத்தாங்களே, அதனாலதானே மூடினாங்க?"

இல்லை. அந்த வருஷம் மே 7-இலும் ஜூலை 1-இலும் விபத்து நடந்தது இரண்டாம் அனல்மின் நிலையத்தில். முதல் நிலையத்தை நிரந்தரமாக நிறுத்தியது 2020 செப்டம்பர் 30. தேதிகள் அடுத்தடுத்து வந்ததால் எல்லோர் மனதிலும் ஒட்டிக்கொண்டது. மூடும் முடிவு அதற்குப் பல வருஷம் முன்பே எடுத்தது. இதற்கு மாற்றாகத்தான் 500 மெகாவாட் அலகு இரண்டு கொண்ட புதிய நிலையத்துக்கு 2011-இலேயே ஒப்புதல் கொடுத்தார்கள், அது இழுத்துக்கொண்டே போய் முதல் அலகு 2019 டிசம்பரிலும் இரண்டாவது 2021 பிப்ரவரியிலும் வந்தது. புதியது வரும்வரை பழையதை ஓட்டினார்கள்.

"அப்படின்னா உண்மையான காரணம்தான் என்ன?"

வயசு, பசி (ஒன்றரைக் கிலோ கணக்கைப் பாருங்கள்), அப்புறம் 2015 டிசம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் கொண்டுவந்த புகை விதிகள். கந்தகம், தூசி எல்லாவற்றுக்கும் புது வரம்பு வைத்தார்கள், ஐம்பது வருஷத்துச் சின்ன அலகுகளுக்கு அந்தக் கருவிகளைப் பொருத்துவது கட்டுப்படியாகாது.

"ரஷ்ய மெஷின்ங்கிறதாலதான் 58 வருஷம் ஓடுச்சுன்னு தாத்தா சொல்வார், சரியா?"

தாத்தாவோடு சண்டை போட வேண்டாம், ஆனால் இரண்டு திருத்தம். இந்த மாதிரி நிலையம் சுமார் 25, 30 வருஷத்துக்குத்தான் வடிவமைப்பார்கள். 1990-களில் ஆயுள் நீட்டிப்பு என்று பாய்லர் குழாய்களிலிருந்து கட்டுப்பாட்டுக் கருவிகள் வரை அலகு அலகாகப் பிரித்து மாற்றினார்கள். அதற்கு அப்புறம் ஓடியதில் எவ்வளவு ரஷ்யா, எவ்வளவு நெய்வேலி ஒர்க்‌ஷாப் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

இரண்டாவது, 58 என்பது நிலையத்தின் வயசு, அதாவது 1962 மே முதல் 2020 செப்டம்பர் வரை. அலகுகளை 2018-இலிருந்து ஒவ்வொன்றாகத்தான் நிறுத்தினார்கள். 1970-இல் வந்த கடைசி அலகு நிலையம் மூடிய நாள் வரை ஓடியிருந்தாலும் அதற்கு வயசு 50 தான்.